உரலுக்குள் போன கை

"உலக்கையால் அடித்தாள், மகாராஜா! அரசாங்கச் சேவகனை, பட்டப்பகலில்..."

"பட்டப்பகல்லதான் சாமி அவனும் சுவரேறிக் குதிச்சான்..."

"நான் பேசிக்கொண்டிருக்கிறேன்!"

"நானுந்தான் பேசிக்கிட்டிருக்கேன்!"

"அரசரின் ஆள்மீது கை ஓங்குவது..."

"ஓங்கல சாமி, அடிச்சேன். ஓங்கினதோட நிறுத்திக்கிட்டவ இல்ல நான்."

சபையில் யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல் பாவனை செய்தார்கள்.

முன்னொரு காலத்தில் நடந்த வழக்கு இது. எந்த நாடு என்று சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஓர் ஆறு, ஒரு கோட்டை, சீக்கிரம் கோபம் வருகிற ஓர் அரசர் என்று வைத்துக்கொண்டால் போதும். முதலில் பேசியவர் கொத்தவால் ரணதீரர்; நகரக் காவலுக்கு அவர்தான் தலைவர். குறுக்கே பேசியவள் அவல்காரி செங்கமலம். இருவருக்கும் நடுவே, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றவன் சேவகன் வேம்பன். அவன் பேசவில்லை. வலி.

வழக்கு பாக்குவெட்டியில் ஆரம்பித்தது.

அரசருக்கு வெற்றிலை என்றால் உயிர். பாக்கை மட்டும் பிறர் வெட்டித் தந்தால் போடமாட்டார், தாமே வெட்டிக்கொள்வார். மயில் தலை வைத்த வெள்ளிப் பாக்குவெட்டி ஒன்று இருந்தது. ஒருநாள் காலை அதைக் காணவில்லை.

"வேறு பாக்குவெட்டி தரட்டுமா, மகாராஜா?"

"அது என் பாட்டனார் வைத்திருந்தது."

"இது அதைவிடக் கூர்மையானது..."

"அது என் பாட்டனார் வைத்திருந்தது என்றேன்."

வெற்றிலை நின்றது. அதோடு அரசரின் நல்ல குணமும் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கொத்தவால் வந்து, "ஊரைச் சோதனை போட உத்தரவு வேண்டும், மகாராஜா. வீடுகளுக்குள் நுழைய வேண்டியிருக்கும்" என்றார்.

"நுழையும்! எங்கே வேண்டுமானாலும் நுழையும்! பாக்குவெட்டியோடு வாரும்!"

அந்த நாட்டில் சோதனைக்கென்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. சேவகன் வாசலில் நிற்கவேண்டும். வீட்டாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எதைத் தேடுகிறான், யார் சொல்லி வந்தான் என்று சொல்லவேண்டும். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து உதறி, இடுப்பு மடியை உதறி, இரண்டு கையையும் விரித்து அக்கம்பக்கத்தாருக்குக் காட்டவேண்டும். அதன்பிறகுதான் படியேறலாம். வெளியிலிருந்து எதையும் உள்ளே கொண்டுபோகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ரணதீரர் கொத்தவாலாக வந்ததும் முதல் வேலையாக இதை நிறுத்தினார்.

"அரசாங்கச் சேவகன் நடுத்தெருவில் நின்று தலைப்பாகை அவிழ்ப்பதா? மானக்கேடு!"

எனவே சேவகர்கள் கூப்பிடாமலே நுழைந்தார்கள். கதவு சாத்தியிருந்தால் சுவரேறினார்கள். பாக்குவெட்டி கிடைக்கவில்லை. ஆனால் வேறு பொருள்கள் கிடைக்கத் தொடங்கின. கயிறு திரிக்கிற சுடலைமுத்து வீட்டுப் பரணில் அரண்மனைக் குங்குமச்சிமிழ் ஒன்று கிடைத்தது. "இதை நான் கண்ணாலகூடப் பாத்ததில்லை" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். இழுத்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டார்கள். சேவகர்களுக்கு இனாமாகக் கயிறு தரமாட்டேன் என்று அதற்குச் சற்று முன்னால்தான் அவன் சொல்லியிருந்தான். அதையும் அவன் சிறையில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சுடலைமுத்துவுக்குப் பக்கத்து வீடு செங்கமலத்தின் வீடு.

"நடந்ததைச் சொல்" என்றார் அரசர்.

"அவல் இடிச்சுக்கிட்டிருந்தேன் மகாராசா. ஊறவச்ச நெல்லை வறுத்து உரல்ல கொட்டினா, சூடு ஆறுமுன்ன இடிச்சாகணும். ஆறிடுச்சுன்னா எல்லாம் பொடிப்பொடியாப் போயிடும். அதனால கையை நிறுத்தமுடியாது. பின்பக்கத்துல தொப்புனு சத்தம். பாத்தா இவன். 'யாருடா'ன்னேன். பதில் இல்ல. பானையைத் திறந்தான், நெல்லுக் குதிரைக் கவிழ்த்தான், அப்புறம் உரல்கிட்ட வந்தான்."

"உரலில் என்ன தேடினான்?"

"அதைத்தான் சாமி நானும் கேட்டேன். உரலுக்குள்ள கையை விட்டான். கை மூடியிருந்தது."

"மூடியிருந்தால் என்ன?"

"தேடுறவன் கையை விரிச்சுத்தானே தேடுவான்? மூடின கையோட ஒருத்தன் உள்ள விடுறான்னா, எடுக்கவா விடுறான், வைக்கவா விடுறான்? சுடலைமுத்து அண்ணன் பொண்டாட்டி அங்க இன்னும் அழுதுக்கிட்டிருக்கா. நான் சொன்னேன், 'கையைத் திறந்து காட்டிட்டு விடு'ன்னு. திறக்கல. இன்னொரு தடவை சொன்னேன். திறக்கல. அடிச்சேன்."

வேம்பனுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "என் கையில் ஒன்றுமே இல்லை, மகாராஜா!"

"அப்ப ஏன்டா மூடினே?"

"கை என்றால் மூடத்தான் செய்யும்!"

"அவலோட சேத்து இடிபட்டப்போ நல்லாத்தான் விரிஞ்சுது."

கொத்தவால் ஓரடி முன்னால் வந்தார். "மகாராஜா, இவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். அரசரின் ஆளை அடித்த கையை வெட்டவேண்டும் என்பது சட்டம்."

செங்கமலம் தன் வலது கையைப் பார்த்தாள். அவளுக்குக் கணவன் இல்லை, நிலம் இல்லை. அந்தக் கை நெல்லை அவலாக்கும், அவல்தான் சோறாகும். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அரசர் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார். தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரே ஒரு சந்தேகம், அரசே."

விகடன் கூத்தன். ஒல்லியான ஆள், பெரிய காது, எப்போதும் மடியில் வறுத்த கடலை. அரசரைச் சிரிக்கவைப்பதுதான் அவன் உத்தியோகம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் செய்கிறான் என்பதுதான் கொத்தவாலுக்கும் மந்திரியான பிரதானிக்கும் வயிற்றெரிச்சல்.

"வேம்பன் வாசலில் நின்று கூப்பிட்டானா? உதறிக் காட்டினானா?"

"அது வழக்கொழிந்த வழக்கம்" என்றார் கொத்தவால்.

"யார் ஒழித்தது?"

பிரதானி தொண்டையைச் செருமினார். ராஜ்ஜியத்தில் அதிகம் படித்தவர் அவர்தான் என்று அவரே சொல்வார். "கூத்தா, இது விளையாட்டல்ல. நிலமெல்லாம் அரசருடையது. வீடு நிலத்தின்மேல் நிற்கிறது. ஆகவே வீடும் அரசருடையது. தம் வீட்டுக்குள் தாம் நுழைய அரசர் யாரைக் கூப்பிடவேண்டும்? சேவகனோ அரசரின் காலைப் போன்றவன். கால் நுழைந்தது. அவ்வளவே."

"கால் சரி, ஐயா. கைதானே உரலுக்குள் போனது?"

"கூத்தா!" அரசரின் குரல் வெடித்தது. வெற்றிலை போடாத வாய். "என் ஆளைத் தடுக்க என் ராஜ்ஜியத்தில் யாருக்கு உரிமை இருக்கிறது? ஒரே ஒருவரைக் காட்டு! நாளைச் சபை கூடும்போது காட்டு! காட்டினால் இவள் கை தப்பும். காட்டாவிட்டால் இவள் கையோடு உன் நாக்கும் போகும்."

"உத்தரவு, அரசே. ஒரு விண்ணப்பம். நாளைவரை என்னையும் சேவகன் ஆக்கவேண்டும்."

"எதற்கு?"

"பாக்குவெட்டி தேட."

கொத்தவாலின் முகம் மலர்ந்தது. "ஆகட்டும், மகாராஜா! சேவகனாகவே இருக்கட்டும். நாளை தண்டனை நிறைவேற்றும்போது இவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சேவகன் வேண்டும். அந்த வேலையைக் கூத்தனே செய்யட்டும். நாளை யாரும் இவனைச் சேவகனில்லை என்று சொல்லிவிடாதபடி தாங்களே சபையில் அறிவித்துவிடுங்கள்."

அரசர் ஒரு பழைய காவல் தலைப்பாகையைக் கூத்தன் தலையில் வைத்தார். அது காதுவரை இறங்கியது. "நாளைச் சபை முடியும்வரை இவன் என் சேவகன். இவனைத் தடுப்பவர் என்னைத் தடுப்பவர்."

"எல்லோரும் கேட்டீர்களா?" என்றான் கூத்தன். "கொத்தவால் ஐயாவும் கேட்டீர்களா?"

"நன்றாகக் கேட்டேன்" என்றார் கொத்தவால்.

செங்கமலத்தைக் குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் அடைத்தார்கள். கூத்தன் முதலில் அங்கேதான் போனான். வாசலில் நின்று கூப்பிட்டான்.

"செங்கமலம், நான் கூத்தன். உள்ளே வரலாமா?"

"சிறைக்குள்ள வரதுக்கு எங்கிட்டக் கேக்குறீங்களே! வாங்க."

"உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். உலக்கை இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் கையை உள்ளே விட்டுவிட்டான், நிறுத்தமுடியவில்லை, தவறிப் பட்டுவிட்டது. இப்படி நாளைக்குச் சொல்லேன். அரசர் நம்புவார். நானும் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். கை தப்பிவிடும்."

இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

"தவறிப் படலையே."

"தெரியும்."

"ரெண்டு தடவை சொல்லிட்டு, உலக்கையை மறுபடியும் தூக்கி, பாத்து அடிச்சேன்."

"அதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள்."

"தவறிப் பட்டுச்சுன்னு சொன்னா, அவன் வந்தது சரி, நான் அடிச்சது மட்டும் ஏதோ கைப்பிசகுன்னு ஆயிடும். அப்புறம் நாளைக்கு இன்னொருத்தன் மூடின கையோட வருவான். அடுத்த வீட்டுக்காரி என்ன சொல்லுவா? அவளுக்கும் கை தவறணுமா?"

"கை போய்விட்டால் என்ன செய்வாய்?"

"அதான் பயமா இருக்கு" என்றாள் அவள். "பயமா இருக்குங்கறதுக்காகப் பொய் சொல்ல வரல, நான் என்ன செய்ய? நீங்க வேற ஏதாவது பாருங்க சாமி. உங்களுக்கு நாக்கு இருக்கு. நாளைவரைக்கும்."

கூத்தன் தலைப்பாகையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். கடைத்தெருவுக்குப் போய் மலிவான இரும்புப் பாக்குவெட்டிகள் கொஞ்சம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

கொத்தவால் வீட்டுப் பின்சுவர் உயரம். கூத்தன் ஏறினான். அடுப்பங்கரையில் கொத்தவாலின் மாமியார் வடிவாம்பாள் புளிக்குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தலைப்பாகை ஒன்று தெரிந்தது. மறுகணம் அது உள்ளே வந்து உப்புச்சாடிக்குள் கைவிட்டது.

"யார்றா நீ!"

"அரசரின் ஆள்."

"அரசரோட ஆளுக்கு அடுப்பங்கரையில என்னடா வேலை? மேல் கழுவாம உப்புல கை வைக்கிறியே, கட்டையில போறவனே!"

"இது என்ன, சாடிக்குள்?" என்று கூத்தன் ஓர் இரும்புப் பாக்குவெட்டியை எடுத்துக் காட்டினான்.

"எங்க வீட்டுல ஏதுடா இரும்புல? நாங்க பித்தளைல..."

"உங்கள் வீட்டு உப்பில்தானே கிடைத்தது?"

வடிவாம்பாள் எழுந்தாள். குழம்பு அகப்பை கையில் இருந்தது. முதல் அடி தோளில், அடுத்தது முதுகில். கூத்தன் சுவரைத் தாண்டும்போது குழம்பும் அவனோடு தாண்டியது.

பிரதானி வீட்டில் வேலை சுருக்கமாக முடிந்தது. உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கூத்தன் போனபோது, பிரதானி மீசைக்குக் கருப்புப் பூசிக்கொண்டிருந்தார். பாதி மீசை கருப்பு, பாதி வெள்ளை.

"வெளியே போ!"

"இது அரசர் வீடு அல்லவா, ஐயா? தாங்களே சொன்னீர்கள். நான் கால்."

"வெளியே போடா!"

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு கூத்தன் ஓடினான். பிரதானி அவிழ்த்துவிட்ட நாய் தெருமுனைவரை கூடவே வந்து, வேட்டியில் ஒரு முழத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போனது.

மிச்சம் இருந்தது ஒரு வீடு.

அன்று சனிக்கிழமை. அரசர் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நாள். அரண்மனைக் குளியலறையில், கோவணத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து எண்ணெய் நெற்றிக்கு வழிந்து கண்ணுக்கு வந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்ப்பவன் சிகைக்காய் எடுக்கப் போயிருந்தான். வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளுகிற சந்திலிருந்து சரசரவென்று சத்தம். கரிபடிந்த ஏதோ ஒன்று ஊர்ந்து வந்து, எழுந்து நின்று, அண்டாவுக்குள் எட்டிப்பார்த்தது.

"யார் அது?" அரசருக்குக் கண் எரிந்தது, திறக்கமுடியவில்லை. "யார் அங்கே?"

பதில் இல்லை. மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டது. யாரோ மணைக்கு அடியில் கைவிட்டார்கள்.

"யாரடா அது! நான் இருக்கும்போது! குளிக்கிற இடத்தில்! அடேய்!"

அரசர் கைக்கு அகப்பட்ட செப்புச் சொம்பை எடுத்து, சத்தம் வந்த பக்கமாக ஓங்கி எறிந்தார். 'ணங்' என்றது. "ஐயோ" என்றது. பிறகு விறகுச் சந்து வழியாக ஏதோ அவசரமாக வெளியே போனது.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. செங்கமலத்தை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் மரக்கட்டை ஒன்று, கத்தியோடு ஓர் ஆள். அவள் கத்தியைப் பார்க்காமல் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூத்தன் வந்தான். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம், தோளில் புளிக்கறை, கிழிந்த வேட்டி. தலைப்பாகை மட்டும் சரியாக இருந்தது.

"என் ஆளைத் தடுக்க உரிமையுள்ளவரைக் கண்டாயா?" என்றார் அரசர்.

"உரிமை இருக்கிறதா என்று தாங்கள்தான் சொல்லவேண்டும், அரசே. தடுத்தவர்களைக் கண்டேன். அடித்தவர்களையும்." அவன் கத்திக்காரன் பக்கம் திரும்பினான். "அண்ணே, கத்தியை இன்னும் கொஞ்சம் தீட்டிவையுங்கள். கை நிறைய வருகிறது."

"யாரவர்கள்?" கொத்தவால் உறுமினார். "பெயரைச் சொல்! இப்போதே பிடித்து வருகிறேன்!"

"முதல் கை தங்கள் மாமியார் கை, ஐயா."

சபையின் ஒரு பக்கம் பெண்கள் உட்காரத் திரை கட்டியிருந்தார்கள். திரை அசைந்தது.

"திருடனைப்போல எங்கள் அடுப்பங்கரைக்குள் குதித்தவன் இவன்தானா, மகாராஜா!" என்றார் கொத்தவால்.

"தலைப்பாகை கட்டியிருந்தேனா?"

"கட்டியிருந்தாய். ஆனால்..."

"அரசரின் ஆள் என்று சொன்னேனா?"

"எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டு வரலாம்! வாசலில் நின்று கூப்பிடாமல்..." கொத்தவாலின் வாய் தானாகவே நின்றது.

"அப்படியானால் அம்மாவின் கையை வெட்டலாமா, கூடாதா? தாங்களே சொல்லிவிடுங்கள், ஐயா."

திரைக்குப் பின்னாலிருந்து வடிவாம்பாளின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, பதிலைப் பாத்துச் சொல்லுங்க."

கொத்தவால் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில், "கூப்பிடாமல் வந்தவனை அடித்தது... தப்பில்லை" என்றார். பாதிச் சொல் மீசைக்குள்ளேயே தங்கிவிட்டது.

"சற்று உரக்க, ஐயா. செங்கமலத்துக்குக் கேட்கவில்லை."

"தப்பில்லை!"

கூத்தன் மடியை அவிழ்த்தான். இரும்புப் பாக்குவெட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. "இது கொத்தவால் ஐயா வீட்டு உப்புச்சாடியில் கிடைத்தது. இது பிரதானி ஐயா தலையணைக்கு அடியில் கிடைத்தது. கொஞ்சம் கவனியுங்கள், அரசே. தொலைந்தது பாக்குவெட்டி, கிடைத்ததும் பாக்குவெட்டி. இருவரையும் சிறைக்கு அனுப்பலாமா?"

"அவன் கொண்டுவந்து வைத்தது!" என்று பிரதானி எழுந்துவிட்டார். "அவனே மடியில் கொண்டுவந்து, அவனே எடுத்தான்!"

"தங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டில் அப்படிப் பொருளே கிடையாது!"

"சுடலைமுத்துவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், சிறையில். நான் கொண்டுவரவில்லை என்கிறேன், தாங்கள் கொண்டுவந்தேன் என்கிறீர்கள். வாசலில் மடியை உதறிக் காட்டியிருந்தால் தெரு முழுக்கச் சாட்சி இருந்திருக்கும். நான் உதறவில்லை. இனி யார் சொல்வதை நம்புவது? தலைப்பாகை கட்டியவன் சொல்வதைத்தானே?"

பிரதானி உட்கார்ந்தார். மீசையின் ஒரு பக்கம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"இருவரோடு முடிந்ததா?" என்றார் அரசர். அவருக்கு உள்ளுக்குள் வேடிக்கையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னும் ஒருவர் இருக்கிறார், அரசே. பலமாக அடித்தவர் அவர்தான். பெயரைச் சொல்ல அபயம் வேண்டும்."

"அபயம். சொல்."

"பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அடையாளம் சொல்கிறேன். தலை நிறைய நல்லெண்ணெய். சொம்பைக் குறிபார்த்து எறிகிற கை. வலது கை."

அரசர் தம் வலது கையைப் பார்த்தார். பிறகு கூத்தன் நெற்றியைப் பார்த்தார். கத்திக்காரன் கத்தியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நீதானா அது!"

"தங்கள் சேவகன். அவனைத் தடுப்பவர் தங்களைத் தடுப்பவர் என்று நேற்றுத்தான் அறிவித்தீர்கள். அப்படிப் பார்த்தால் தாங்களே தங்களைத் தடுத்திருக்கிறீர்கள். இதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று பிரதானி ஐயாதான் பார்த்துச் சொல்லவேண்டும்."

"கூத்தா, நான் அரசன். எனக்கு உரிமை உண்டு. அதனால் எறிந்தேன். அவளுக்கும் எனக்கும் ஒன்றா?"

இங்கேதான் வழக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தவால்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த நேரத்தில் தங்கள் தலையில் மகுடம் இருந்ததா, அரசே?"

"எண்ணெய் இருந்தது."

"கையில் செங்கோல்?"

"இல்லை."

"முத்திரை மோதிரம்?"

"குளிக்கும்போது எவன் மோதிரம் போடுவான்?"

"நான் ராஜா, என் உரிமைப்படி எறிகிறேன் என்று நினைத்தா எறிந்தீர்கள்?"

அரசர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். "இல்லை. கண் தெரியவில்லை. எவனோ உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்தேன். கை தானாக எடுத்து எறிந்தது."

"தாங்கள் காட்டச் சொன்ன ஆள் அவர்தான், அரசே. மகுடம் இல்லை, செங்கோல் இல்லை, மோதிரம் இல்லை. கோவணம் ஒன்றுதான் இருந்தது. எவனோ உள்ளே வந்துவிட்டான் என்று அவர் எறிந்தார். அதற்குமேல் அவரிடம் வேறு உரிமை ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு உரிமை அவல்காரத் தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கோவணமும்தான்."

முதலில் அரசரின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பாக்குவெட்டி தொலைந்ததிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்ததும் சபையும் சிரித்தது. வடிவாம்பாள் திரைக்குப் பின்னால் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேம்பன் மட்டும் சிரிக்கவில்லை. குலுங்கினால் கை வலிக்கும்.

"அந்தக் கட்டையைத் தூக்குங்கள்" என்றார் அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செங்கமலத்தின் கை அவளுக்கே. சுடலைமுத்துவை விட்டுவிடுங்கள், இப்படிக் 'கிடைத்த' பொருளுக்காகப் பிடித்தவர்கள் எல்லோரையும் விடுங்கள். கொத்தவாலே, உம் தலைப்பாகையை இங்கேயே அவிழ்த்து உதறும். நாளைமுதல் தெருவில் செய்யப்போகிறீர், இன்று பழகிக்கொள்ளும்."

கொத்தவால் அவிழ்த்து உதறினார். உள்ளிருந்து ஒரு முந்திரிப்பருப்பும் கொஞ்சம் தலைமுடியும் விழுந்தன. சபை மறுபடியும் சிரித்தது.

அரசர் எழுந்து தம் தோளில் இருந்த சரிகைப் பட்டைக் கூத்தன்மேல் போர்த்தினார். வீங்கிய நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல குறிதான்" என்று தம்மைத்தாமே பாராட்டிக்கொண்டார். பிறகு தண்டோராக்காரனைக் கூப்பிட்டார்.

"எல்லாத் தெருவிலும் சொல். சோதனைக்கு வருகிற சேவகன் வாசலில் நிற்கவேண்டும், பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும், எதற்கு வந்தான், யார் சொல்லி வந்தான் என்று சொல்லவேண்டும், உதறிக் காட்டவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வீட்டார் தடுக்கலாம். தடுத்தவர்மேல் குற்றமில்லை. ஆனால் எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிட்டு வருகிறவனை யார் அடித்தாலும், கூத்தனே வந்து வாதாடினாலும், கை போகும். இதுதான் சட்டம்."

"நல்ல சட்டம்!" என்றது சபை. பிரதானி எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

பாக்குவெட்டி கடைசிவரை கிடைக்கவில்லை. அரசர் தரையில் கிடந்த இரும்புப் பாக்குவெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பாக்கை வைத்து வெட்டிப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டதும் முகம் இன்னும் தெளிந்தது.

"செங்கமலம், நீ ஏன் இன்னும் நிற்கிறாய்? உன் கையைத்தான் கொடுத்துவிட்டேனே. வேறு ஏதாவது வேண்டுமா? கேள், தருகிறேன்."

"ஒண்ணும் வேண்டாம் மகாராசா. ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"கேள்."

"சட்டம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒருத்தன் வரான்னு வச்சுக்குங்க. வாசல்ல நிக்கிறான், செங்கமலம்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுறான், தலைப்பாகையை உதறுறான், மடியை உதறுறான், ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுறான். எல்லாம் நீங்க சொன்ன முறைதான், ஒண்ணுகூடக் குறையல. ஆனா அவன் வந்திருக்கறதே அநியாயத்துக்குன்னா, அன்னைக்கு நான் என்ன சாமி செய்யட்டும்?"